மீன் குஞ்சுக்கும் நீச்சல் கத்துக்குடுக்கணும்: சூப்பர்ஹீரோ வீட்டுப் பிள்ளைங்க

காமிக்ஸ்ல எனக்கு மறக்கவே முடியாத காட்சி எதுன்னு கேட்டீங்கன்னா, அதுல வில்லனும் கிடையாது, பில்டிங் இடிஞ்சு விழறதும் கிடையாது. ஒரு பண்ணை வீடு, ஒரு சின்னப் பையன், அவனோட பூனை, அவ்வளவுதான். பூனை பேரு கோல்டி. பருந்து ஒண்ணு பாய்ஞ்சு வந்து பூனையைத் தூக்கிடுது, பையன் பதறிப்போய் காப்பாத்தப் பாக்கறான், அந்தப் பதட்டத்துல அவன் கண்ணுல இருந்து நெருப்புக் கதிர் பாய்ஞ்சுடுது. பருந்தும் போச்சு, பூனையும் போச்சு. பையன் பேரு ஜான் கென்ட். அப்பா சூப்பர்மேன், அம்மா லோயிஸ் லேன். பீட்டர் டொமாசியும் பேட்ரிக் கிளீசனும் 2016ல ஆரம்பிச்ச சூப்பர்மேன் சீரிஸோட முதல் இஷ்யூலயே இது வந்துடுது.

சூப்பர்ஹீரோக்களோட பிள்ளைங்க கதைன்னு காமிக்ஸ்ல ஒரு தனி வகையே வளர்ந்திருக்கு. அதைப் புதுசா படிக்க வர்றவங்களுக்கு விளக்கணும்னா நான் இந்தப் பூனையில இருந்துதான் ஆரம்பிப்பேன். சாதாரணப் பிள்ளை தப்பு பண்ணா ஒரு டம்ளர் உடையும், முட்டி சிராய்க்கும், ரெண்டு திட்டோட முடிஞ்சுடும். இந்தப் பிள்ளைங்க விஷயத்துல தப்போட அளவு வயசுக்குத் தகுந்த மாதிரி வராது, பவருக்குத் தகுந்த மாதிரி வரும். மனசு பத்து வயசு மனசு, ஆனா ஒரு செகண்ட் பயந்தா ஒரு உயிர் போயிடும். மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக்குடுக்கணுமான்னு நாம ரொம்ப சாதாரணமா சொல்லிடறோம், இந்தக் கதைங்கள்ல நல்லா எழுதின அத்தனையும் 'ஆமா, கண்டிப்பா கத்துக்குடுக்கணும், அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை'ன்னுதான் சொல்லுது.

சரி, முதல்ல பவர் எப்படி பிள்ளைக்கு வருதுங்கறதைப் பார்த்துடலாம், இது சுலபமானது. சூப்பர்மேன் மாதிரி வேற கிரகத்துல பிறந்தவர்னா உடம்பே அப்படி, பிள்ளைக்கும் அது போகுது, ஜானுக்கு பாதி கிரிப்டான் ரத்தம், பாதி மனுஷ ரத்தம். எக்ஸ்-மென் கதைகள்ல வர்ற மியூட்டன்ட்னா பிறக்கும்போதே ஜீன்ல இருக்கும், பெரும்பாலும் டீன் ஏஜ்ல வெளிய வரும். மூணாவது வகை, அப்பா அம்மாவுக்கு ஏதோ விபத்துல பவர் வந்திருக்கும், கதிர்வீச்சோ சிலந்திக்கடியோ, அது அவங்க உடம்பையே மாத்திட்டதால பிள்ளைக்கும் வந்துடும். பயாலஜி டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க, காமிக்ஸ்ல ஒத்துப்பாங்க. இதுக்கு மேல இந்த விஷயத்துல மண்டையை உடைச்சுக்க வேண்டாம், ஏன்னா கதையோட உயிர் இங்க இல்ல.

பவர் எப்போ வெளிய வருதுங்கறதுல நிறைய இருக்கு. இன்வின்சிபிள்னு ஒரு சீரிஸ், 2003ல ராபர்ட் கிர்க்மேன் எழுதி, கோரி வாக்கர் வரைய ஆரம்பிச்சு, அப்புறம் ரயன் ஓட்லி எடுத்துக்கிட்டு, 144 இஷ்யூ ஓடி 2018ல முடிஞ்சது. அதுல மார்க் கிரேசன்னு ஒரு ஸ்கூல் பையன், அப்பா உலகமே கொண்டாடற ஓம்னி-மேன். சின்ன வயசுல இருந்தே உனக்கும் ஒருநாள் வரும்னு சொல்லியே வளர்த்திருக்காங்க, பையன் காத்துக்கிட்டே இருக்கான். பர்கர் கடையில பார்ட் டைம் வேலை, குப்பை மூட்டையைத் தொட்டியில போடலாம்னு வீசறான், மூட்டை அப்படியே வானத்துல பறந்து போயிடுது. மத்த ஹீரோக்களுக்கு பவர் வர்ற காட்சின்னா இடி மின்னல்னு இருக்கும், இங்க ஒரு குப்பை மூட்டை. அவனுக்கு அது அதிர்ச்சியே இல்ல, எப்பவோ வந்திருக்க வேண்டியது லேட்டா வந்திருக்குன்னுதான் தோணுது. ஹீரோ வீட்டுல பிறந்த பிள்ளைக்கும் மத்த ஹீரோவுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு காட்சியில தெரிஞ்சுடும். பீட்டர் பார்க்கரை சிலந்தி கடிச்சது தற்செயல், மார்க்குக்கு அது குடும்பச் சொத்து, எப்போ கைக்கு வரும்னு எதிர்பார்த்து வாங்கிக்கறான்.

இதுக்கு நேர் எதிரா மேடே பார்க்கர். பீட்டரோட பொண்ணு, ஸ்பைடர்-கேர்ள். டாம் டிஃபால்கோவும் ரான் ஃப்ரென்ஸும் 1998ல 'இப்படி நடந்திருந்தா' மாதிரியான ஒரு தனிக்கதையா கொண்டு வந்தாங்க, வாசகர்களுக்குப் பிடிச்சுப்போய் அதுவே சொந்த சீரிஸா 100 இஷ்யூ ஓடிடுச்சு. அந்த உலகத்துல பீட்டர் கிரீன் காப்ளினோட கடைசிச் சண்டையில ஒரு காலை இழந்து, முகமூடியைக் கழட்டி வச்சுட்டு, போலீஸ்ல தடயவியல் வேலை பார்க்கறார். பொண்ணுகிட்ட பழைய கதை எதுவும் சொல்லல. அவ பாஸ்கெட்பால் நல்லா ஆடற பொண்ணு, அந்த ஆட்டத்துலதான் அவளோட உடம்பு மனுஷ உடம்பு பண்ண முடியாததைப் பண்ண ஆரம்பிக்குது. அப்பா மறைச்சது பாசத்துலதான், அதுல சந்தேகமே இல்ல, தன் காலைப் பார்க்கற எந்த அப்பாவும் அதைத்தான் செய்வார். ஆனா மறைச்சதால பவர் வராம போகல, வந்த அன்னைக்கு அவளுக்கு அது என்னன்னு தெரியாம போச்சு, அவ்வளவுதான் நடந்தது.

பிறந்ததுல இருந்தே பவரோட இருக்கற பிள்ளைன்னா அது ஃபிராங்க்ளின் ரிச்சர்ட்ஸ், இவன்கிட்ட கொஞ்சம் நின்னு போகணும், ஏன்னா இந்த வகைக் கதையில மூத்த பிள்ளைகள்ல ஒருத்தன் இவன், வாசகரா நான் ரொம்ப வருத்தப்பட்டதும் இவனுக்காகத்தான். ஃபென்டாஸ்டிக் ஃபோர்ங்கற நாலு பேர் டீம்ல வர்ற ரீட் ரிச்சர்ட்ஸுக்கும் சூ ஸ்டார்முக்கும் 1965ல கல்யாணம், 1968ல ஆண்டு மலர்ல குழந்தை. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் பண்ணது. பிரசவமே சாகசம்தான், காஸ்மிக் கதிர் சூவோட ரத்தத்துல கலந்திருக்கறதால தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அதைச் சரிபண்ண ஒரு பொருள் வேணும்னு ரீடும், டீம்ல மத்த ரெண்டு பேரான பென், ஜானியும் நெகட்டிவ் ஸோன்னு இன்னொரு உலகத்துக்குப் போய் அனைஹிலஸ்னு ஒரு பயங்கரமான வில்லனோட மோதி கொண்டு வர்றாங்க. தாத்தா பேரையும் பென் பேரையும் சேர்த்து ஃபிராங்க்ளின் பெஞ்சமின்னு பேரு வைக்கறாங்க. இங்க வரைக்கும் சந்தோஷமான குடும்பக் கதை.

1973ல ஜெர்ரி கான்வே எழுதின ஒரு இஷ்யூ, 141ஆவது, அதுல இந்தக் குழந்தையோட பவர் கட்டுக்கடங்காம பெருகிக்கிட்டே போகுது, வெடிச்சா உலகத்துக்கே ஆபத்துங்கற நிலை. ரீட் என்ன பண்றார்னா ஒரு கருவியை எடுத்து சொந்தப் பிள்ளை மேலயே நீட்டி அவனோட மூளையை நிறுத்திடறார். பையன் உயிரோட இருக்கான், ஆனா நினைவில்ல. வேற வழி இல்லன்னு அவர் சொல்றார், கணக்குப்படி அவர் சொல்றது சரியாவும் இருக்கலாம். ஆனா ஜானி, பென்னெல்லாம் அந்த இடத்துலயே டீமை விட்டு விலகிடறாங்க, சூ விவாகரத்து வரைக்கும் போறாங்க. அடுத்த வருஷம், 150ஆவது இஷ்யூல, அல்ட்ரான்ங்கற ரோபோ வில்லன் வந்து எல்லாரையும் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது ஃபிராங்க்ளின் முழிச்சுக்கறான், அந்தப் பவர்தான் அல்ட்ரானையே வீழ்த்துது. ஒரு அப்பா எடுத்த முடிவுக்கு ஒரு குடும்பமே உடையறதை அந்தக் காலத்து சூப்பர்ஹீரோ காமிக்ஸ்ல இவ்வளவு வெளிப்படையா காட்டினது பெரிய விஷயம். உலகத்தைக் காப்பாத்தறதும் பிள்ளையைக் காப்பாத்தறதும் ஒண்ணுதான்னு ஹீரோ நம்பிக்கிட்டே இருப்பார், ரெண்டும் வேற வேறயா ஆகற நாள் வரும்போது அவர் யார்னு தெரியும்.

அதே பையனை வச்சு 1982ல ஜான் பைர்ன் எழுதி வரைஞ்ச ஒரு கதை, 245ஆவது இஷ்யூ, எனக்கு இதுதான் இந்த வகையிலயே உச்சம். ஃபிராங்க்ளின் தன் பவரை வச்சே தன்னைப் பெரிய ஆளா வளர்த்துக்கறான். சீக்கிரம் பெருசாகணும்னு ஆசைப்படாத பிள்ளை உண்டா, இவனால ஆசைப்பட்டதும் ஆக முடிஞ்சது. தாடி வச்ச வளர்ந்த ஆம்பளையா வந்து நிக்கிறான், வீட்டாளுங்களுக்கே யார்னு தெரியல. ஆனா உடம்பு வளர்ந்த அளவுக்கு வாழ்ந்த அனுபவம் வரல. அதைப் புரிஞ்சுக்கிட்டு அவனே தன்னைத் திரும்பச் சின்னப் பிள்ளையா ஆக்கிக்கிட்டு பவரையும் பூட்டி வச்சுக்கறான். அப்பா துப்பாக்கி மாதிரி கருவியை நீட்டி செஞ்ச அதே வேலையை, இங்க பிள்ளை தானா முடிவெடுத்து செய்யுது. 1973 கதையையும் 1982 கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா இது நெஞ்சைப் பிசையும்.

1996ல ஆன்ஸ்லாட்னு ஒரு வில்லனோட சண்டையில மார்வெல் கம்பெனியோட பெரிய ஹீரோக்கள்ல பாதிப் பேர் செத்துட்டாங்கன்னு உலகம் நினைச்சுக்குது, அதுல இவனோட அப்பா அம்மாவும் உண்டு. உண்மையில ஃபிராங்க்ளின் தன்னை அறியாமலே அவங்களுக்காக ஒரு தனி உலகத்தையே உருவாக்கி அதுக்குள்ள பத்திரமா வச்சிருக்கான். அந்த உலகம் முழுக்க ஒரு சின்ன நீலப் பந்துல இருக்கு, அதைக் கையிலயே வச்சுக்கிட்டு திரியறான். அப்பா அம்மா இல்லாத வீட்டுல ஒரு பிள்ளை பந்தை விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கறது, படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

இப்போ பெத்தவங்க பக்கம் வரலாம். இந்தக் கதைகளை நிறையப் படிச்சா ஒண்ணு புரியும், பவர் இருக்கற பிள்ளையை வச்சுக்கிட்டு பெத்தவங்க என்ன முடிவெடுக்கறாங்கங்கறதுலதான் கதையோட தன்மையே அமையும். மேடேவோட அப்பா மறைச்சார், ரீட் நிறுத்தினார். 2015ல டான் ஸ்லாட் எழுதின இன்னொரு ஸ்பைடர்-மேன் மாற்று உலகத்துல பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் ஆனின்னு ஒரு பொண்ணு, ரீஜென்ட்னு ஒருத்தன் பவர் உள்ளவங்களைத் தேடித்தேடிப் பிடிச்சு அவங்க சக்தியை உறிஞ்சிக்கிட்டு இருக்கான், அதனால பொண்ணோட பவர் வெளிய தெரியாம அடக்கி வைக்க ஒரு கருவியை மாட்டி விடறாங்க. இங்க மறைக்கறது பொண்ணுகிட்ட இருந்து இல்ல, உலகத்துகிட்ட இருந்து, அதனால அவளுக்கு எல்லாம் தெரியும், அவளும் அந்த ரகசியத்துல ஒரு பங்கு. மேடே வீட்டுக்கும் ஆனி வீட்டுக்கும் இதுதான் வித்தியாசம், அதே பீட்டர்தான் ரெண்டு அப்பாவும்.

ஜானோட அப்பா சூப்பர்மேன், அதாவது கிளார்க் கென்ட், எடுத்தது நாலாவது வழி, கூட நின்னு கத்துக்குடுக்கறது. கோல்டி செத்ததுக்கு அப்புறமும் அவர் பையனோட பவரைப் பூட்டல, அவனைக் கூடவே கூட்டிக்கிட்டுப் போறார். இதுல கிளார்க்குக்கு ஒரு வசதி இருக்கு, அவரே பண்ணையில வளர்ந்த பவர் உள்ள பையன்தான், அவரை எடுத்து வளர்த்த ஜோனதனும் மார்த்தாவும் எந்த பவரும் இல்லாமலே இப்படி ஒரு பிள்ளையை வளர்த்துக் காட்டினவங்க. அவங்க அன்னைக்குச் செஞ்சதைத்தான் இவர் இன்னைக்குச் செய்யறார். அப்பா பறக்கறவர்ங்கறது ஜானுக்கு எவ்வளவு உதவியோ, தாத்தா பாட்டி சாதாரண விவசாயிங்கங்கறதும் அதே அளவுக்கு உதவிதான்னு எனக்கு எப்பவும் தோணும்.

அஞ்சாவது வழியும் ஒண்ணு உண்டு, அது பிள்ளையை ஆயுதமா வளர்க்கறது. (இன்வின்சிபிள் இனிமேதான் படிக்கப் போறீங்கன்னா இந்தப் பாராவைத் தாண்டிடுங்க.) மார்க்கோட அப்பா ஓம்னி-மேன் பூமியைக் காப்பாத்த வந்தவர் இல்ல, தன்னோட வில்ட்ரம் சாம்ராஜ்யத்துக்காகப் பூமியைப் பிடிக்க வந்தவர். பையனுக்குப் பவர் வந்த அன்னைக்கு வீட்டுல நடந்த சந்தோஷம், பயிற்சி, பாசம் எல்லாத்தையும் அந்த உண்மை தெரிஞ்சதுக்கு அப்புறம் நாம திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கு. பையன் அப்பா பக்கம் போக மாட்டேங்கறான், அப்பா அடிக்கிற அடியில பையன் சாகற நிலைக்குப் போயிடறான், ஆனா கடைசி அடியை அடிக்க அப்பாவுக்குக் கை வரல, பூமியை விட்டே போயிடறார். அப்பான்னா என்னன்னு அவருக்கே அப்பதான் தெரியுது. பேட்மேனோட பையன் டேமியனும் இந்த வழியில வளர்ந்தவன்தான், அம்மா டாலியா அல் கூல், தாத்தா ராஸ் அல் கூல், கொலைகாரங்க கூட்டத்துக்கு நடுவுல வளர்ந்தவன். 2006ல கிரான்ட் மாரிசனும் ஆன்டி கூபர்ட்டும் அவனை அப்பா வீட்டு வாசல்ல கொண்டு வந்து நிறுத்தினாங்க. டேமியனுக்கு பவர்னு எதுவும் கிடையாது, ஆனா பத்து வயசுலயே கொலை பண்ணத் தெரியும், அதை மறக்க வைக்கறதுதான் அவன் அப்பாவுக்கு வேலை.

இனிமே சொல்லப்போறது கதைக்குள்ள உள்ள பிரச்சனை இல்ல, கதையை வெளியிடறவங்களோட பிரச்சனை. புதுசா படிக்கறவங்க குழம்பறது இங்கதான். ஃபிராங்க்ளின் 1968ல பிறந்தான்னு சொன்னேன், கணக்குப் போட்டா இன்னைக்கு அவனுக்கு அம்பது வயசுக்கு மேல ஆகியிருக்கணும், ஆனா கதையில இன்னும் டீன் ஏஜைத் தாண்டாத பையன்தான். மார்வெல், டிசிங்கற ரெண்டு பெரிய காமிக்ஸ் கம்பெனியிலயும் காலம் நம்ம காலண்டர் மாதிரி ஓடாது, கதை நடக்கற 'இன்னைக்கு' எப்பவும் நம்ம இன்னைக்குக் கூடவே நகர்ந்துக்கிட்டு வரும், ஹீரோவுக்கு வயசு ஏறாது. இதை ஸ்லைடிங் டைம்ஸ்கேல்னு சொல்வாங்க. ஹீரோ தனியாளா இருக்கற வரைக்கும் இது யார் கண்ணுலயும் படாது, ஆனா குழந்தை பிறந்துட்டா மாட்டிக்கிச்சு, ஏன்னா குழந்தைன்னா வளரணும், வளர்ந்தா அப்பாவுக்கு வயசாகுதுன்னு அர்த்தம், முப்பது வயசு ஸ்பைடர்-மேன் அம்பது வயசு ஆகறதை கம்பெனி விரும்பாது.

அதனால இந்தப் பிள்ளைங்களைப் பெரும்பாலும் வேற உலகத்துலயோ வேற காலத்துலயோ கொண்டு போய் வச்சிடுவாங்க. 1960கள்ல டிசி கற்பனைக் கதைன்னு சொல்லியே சூப்பர்மேனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுப் பார்த்தாங்க. 1973ல பாப் ஹேனி சூப்பர்மேன் ஜூனியர், பேட்மேன் ஜூனியர்னு ரெண்டு காலேஜ் வயசுப் பசங்களைக் கொண்டு வந்தார், பல வருஷம் அவங்க கதை வந்துக்கிட்டு இருந்தது, 1980ல எல்லாமே ஒரு கம்ப்யூட்டர் சிமுலேஷன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. எர்த்-டூன்னு ஒரு உலகத்துல மட்டும் 1940கள்ல வந்த ஹீரோக்களுக்கு நிஜமாவே வயசாகும், அதனால அங்க பேட்மேனும் கேட்வுமனும் கல்யாணம் பண்ணி ஹெலனா வெய்ன்னு பொண்ணு பெத்து, அவ 1977ல ஹன்ட்ரஸ்ங்கற பேர்ல வந்தா. மேடேவும் ஆனியும் மாற்று உலகத்துப் பொண்ணுங்கன்னு மேல பார்த்தோம், காரணம் இதுதான்.

இன்னொரு தந்திரம், பிள்ளையை வேகமா வளர்த்துடறது. மின்னல் வேகத்துல ஓடற ஹீரோ ஃபிளாஷோட பேரன் பார்ட் ஆலனை 1994ல மார்க் வெய்டும் மைக் வியரிங்கோவும் கொண்டு வந்தாங்க. முப்பதாம் நூற்றாண்டுல பிறந்த பையன், வேகம் உடம்புலயே ஊறிப்போனதால வயசும் வேகமா ஏறுது, பிறந்து ரெண்டு வருஷத்துல பன்னிரண்டு வயசுப் பையன் மாதிரி ஆயிட்டான். நிஜ உலகத்துல அவனுக்கு ஈடு குடுக்க முடியாதுன்னு விர்ச்சுவல் ரியாலிட்டி மெஷினுக்குள்ள வச்சே வளர்க்கறாங்க. பாட்டி ஐரிஸ் அவனை நம்ம காலத்துக்குக் கூட்டிட்டு வந்து, அப்போ ஃபிளாஷா இருந்த வாலி வெஸ்ட் அவனை உலகம் முழுக்க ஓட வச்சு உடம்பைச் சரி பண்ணிடறான். ஆனா பையனுக்கு ஆபத்துன்னா என்னன்னே தெரியல, ஏன்னா அவன் வளர்ந்த உலகத்துல விழுந்தா அடிபடாது, திரும்ப ஆரம்பிச்சுக்கலாம். மேக்ஸ் மெர்குரின்னு ஒரு பெரியவர் அவனை அலபாமாவுல ஒரு சின்ன ஊர்ல வச்சு, ஸ்கூலுக்கு அனுப்பி, பொறுமையா இருக்கக் கத்துக்குடுக்கறார், உலகத்துலயே வேகமான பையனுக்குப் பொறுமை கத்துக்குடுக்கறதுங்கறதை நினைச்சுப் பாருங்க. வயசைக் கூட்டற தந்திரத்தை இவ்வளவு நல்லா யாரும் பயன்படுத்தினதில்லங்கறது என் கருத்து, ஏன்னா இங்க வயசு ஏறினதே கதையாயிடுச்சு, பள்ளத்தைத் தாண்டறதுக்குப் போட்ட பலகையா நிக்கல.

எக்ஸ்-மென் பக்கம் இதையே கோணலா பண்ணாங்க. சைக்ளாப்ஸோட பையன் நேதன், 1986ல பிறந்தவன், கைக்குழந்தையா இருக்கும்போதே ஒரு வைரஸ் தாக்கி, அவனைக் காப்பாத்த 1991ல வந்த கதையில எதிர்காலத்துக்கு அனுப்பிடறாங்க. அங்க வளர்ந்து போர் பண்ணி நரைச்ச முடியோட திரும்பி வர்ற ஆள்தான் கேபிள், அப்பாவை விட பையனுக்கு வயசு அதிகம். குழந்தையைக் கையில இருந்து குடுத்து அனுப்பற அந்தப் பக்கத்தைப் படிச்சா சைக்ளாப்ஸ் மேல எவ்வளவு கோபம் இருந்தாலும் கொஞ்சம் இறங்கும்.

ஜானுக்கும் இதேதான் நடந்தது, இதுல எனக்கு வருத்தம் இருக்கு, மறைக்க விரும்பல. 2017ல டொமாசி எழுதி ஹோர்ஹே ஹிமேனஸ் வரைஞ்ச சூப்பர் சன்ஸ் சீரிஸ்ல பத்து வயசு ஜானும் பதிமூணு வயசு டேமியனும் கூட்டாளிங்க. ஒருத்தன்கிட்ட மலையைத் தூக்கற பவர் வளர்ந்துக்கிட்டு இருக்கு, ஆனா ஹோம்வொர்க் முடிக்கலன்னா அம்மா திட்டுவாங்கன்னு பயம். இன்னொருத்தன்கிட்ட பவரே இல்ல, பயமும் இல்ல, ஆனா ஃபிரெண்டுன்னு ஒருத்தன்கூட கிடையாது. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே ஒருத்தருக்கொருத்தர் இல்லாததைக் குடுத்துக்கறாங்க, பவர் உள்ள பிள்ளைக்குப் பெத்தவங்க தர முடியாத ஒண்ணை சம வயசுக்காரன்தான் தர முடியும்னு அதைப் படிச்சப்போதான் எனக்குப் புரிஞ்சது. 2018ல பிரையன் மைக்கேல் பெண்டிஸ் சூப்பர்மேனை எழுத வந்ததும் ஜான் தன்னோட கிரிப்டான் தாத்தா, அதாவது கிளார்க்கைப் பெத்த அப்பா ஜோர்-எல்லோட விண்வெளிக்குப் போறான், வழியில வேற உலகத்துல மாட்டி, அல்ட்ராமேன்ங்கற கொடியவன் அவனை வருஷக்கணக்கா எரிமலையில அடைச்சு வைக்கறான், திரும்பி வரும்போது வயசு பதினேழு. இங்க அப்பா அம்மாவுக்கு ஓடினது சில வாரம்தான். லோயிஸும் கிளார்க்கும் மகனோட ஏழு வருஷத்தைப் பார்க்காமலே தொலைச்சுட்டாங்க, நாமளும்தான். அதுக்கப்புறம் 2021ல டாம் டெய்லர் அவனையே சூப்பர்மேனா வச்சு எழுதினதுல, அவன் ஜே நாகமுராங்கற பையனை விரும்பறது, அப்பா தொடாம விட்ட விஷயங்கள்ல இவன் இறங்கறதுன்னு நல்ல பகுதிகள் நிறைய, அந்த ஜானையும் எனக்குப் பிடிக்கும். ஆனா பத்துல இருந்து பதினேழு வரைக்கும் உள்ள வயசுதான் இந்த வகைக் கதைக்கே வயல், அதை உழாம விட்டுட்டாங்க.

இன்னொரு வார்த்தையையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, ரெட்கான். முன்னாடி சொன்ன உண்மையைப் பின்னாடி வர்ற ரைட்டர் மாத்தி எழுதறது. ஃபிராங்க்ளின் மியூட்டன்ட்னு பல வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2020ல அவன் மியூட்டன்டே இல்லன்னு மாத்திட்டாங்க. இந்த மாதிரி எங்கயாவது முரணா இருந்தா நீங்க தப்பா படிச்சுட்டீங்கன்னு நினைக்க வேண்டாம்.

எல்லா பிள்ளையும் நல்லபடியா வளரும்னு கிடையாது. மார்க் மில்லரும் ஃபிராங்க் குவைட்லியும் 2013ல ஆரம்பிச்ச ஜூபிட்டர்ஸ் லெகசியில ஹீரோக்களோட பிள்ளைங்க போதையிலயும் பார்ட்டியிலயும் கிடக்கறாங்க, எதிர்த்து நிக்க வேண்டிய பெரிய வில்லனும் இல்ல, அப்பா பேருக்கு ஈடா நிக்கவும் முடியல, கடைசியில மகனே அப்பாவுக்கு எமனாயிடறான். புலிக்குப் பிறந்தது பூனையாகுமான்னு ஊரே கேட்டுக்கிட்டு இருந்தா அந்தப் பிள்ளைக்குள்ள என்ன நடக்கும்னு காட்டற கதை, சின்னப் பிள்ளைங்க படிக்க வேண்டாம்.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கலாம்னா, பழைய விஷயம் எதுவும் தெரிய வேண்டாம், சின்னதா நல்லதா ஒண்ணு வேணும்னு கேக்கறவங்களுக்கு நான் மார்வெலும் சொல்றதில்ல, டிசியோட சூப்பர்மேனும் சொல்றதில்ல. கர்ட் பியூசிக் எழுதின ஆஸ்ட்ரோ சிட்டியில 1996ல ரெண்டு இஷ்யூவா வந்த ஒரு கதை இருக்கு. அஸ்ட்ரா ஃபர்ஸ்ட்னு பத்து வயசுப் பொண்ணு, குடும்பமே சூப்பர்ஹீரோ குடும்பம், வேற பரிமாணம், ராட்சசங்கன்னு போகாத இடமில்ல, பார்க்காத சண்டையில்ல. ஆனா ஸ்கூலுக்குப் போனதில்ல, அவ வயசுப் பிள்ளைங்களோட விளையாடினதில்ல. ஒருநாள் தரையில கட்டம் போட்டு நொண்டியடிச்சு ஆடற பாண்டி ஆட்டம்னு ஒண்ணு இருக்குன்னு அவளுக்குத் தெரியவருது. அது எப்படி ஆடறதுன்னு வீட்டுல சொல்லிக்குடுக்க ஆளில்ல. உடனே வேஷம் போட்டுக்கிட்டு, வேற பேரு சொல்லிக்கிட்டு, வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு சாதாரண ஸ்கூல்ல போய்ச் சேர்ந்துடறா. வீட்டுல எல்லாரும் எந்த வில்லன் தூக்கிட்டுப் போனான்னு உலகத்தையே புரட்டிக்கிட்டு இருக்காங்க, பொண்ணு அங்க மத்த பிள்ளைங்களோட கட்டத்து மேல எப்படி கால் வைக்கறதுன்னு கத்துக்கிட்டு இருக்கா.

அதை முதல்ல படிங்க. அப்புறம் கோல்டி செத்துப்போற அந்த சூப்பர்மேன் இஷ்யூவை எடுங்க, அங்க இருந்து சூப்பர் சன்ஸ், அதுக்கப்புறம் மனசு தைரியமா இருக்கற ஒரு நாளா பார்த்து ஃபென்டாஸ்டிக் ஃபோர் 141.